மூடியை அளந்தவன்

மாக்னஸ் எட்டர் உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. ஒரு கையில் ரொட்டி, மறு கையில் உளி, வாயில் பாதிப் பேச்சு. பட்டறையில் மூன்று நாற்காலிகள் இருக்கின்றன; மூன்றின் மேலும் ஏதாவது ஒரு மரச் சம்மனசு இறக்கை உடைந்து படுத்திருக்கும். ஒரு சுரூபத்தின் மூக்கைச் செதுக்கிக்கொண்டிருப்பான். பாதியில் விட்டுவிட்டு ஜன்னல் கொக்கியை இறுக்கப் போவான், அங்கிருந்து விறகு அடுக்கப் போவான், விறகிலிருந்து தொலைபேசிக்கு. திரும்பி வந்து பார்த்தால் மூக்கு தப்பாகத் தெரியும். அவன் மூக்கைத் திருத்துவான், நான் தூரிகையோடு காத்திருப்பேன். முப்பது வருடமாக இப்படிக் காத்திருக்கிறேன். அதனால் அவனைப் பற்றி நாலு வார்த்தை திட்டிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

என் பெயர் அஃப்ரா. எட்டர் பட்டறையில் சுரூபங்களுக்குச் சாயம் தீட்டித் தங்க ரேக்கு ஒட்டுகிறவள். மரத்தைச் செதுக்குவது அந்தக் குடும்பம். அந்த மரத்தின் கன்னத்தில் இரத்த ஓட்டம் வரவைப்பது நான். மாக்னஸின் அப்பா வில்லிபால்டிடம் பதினேழு வயதில் வேலைக்குச் சேர்ந்தேன். இப்போது எனக்கு அறுபத்தொன்று. பெரியவர் இன்னும் என்னை 'பொண்ணே' என்றுதான் கூப்பிடுகிறார். நான் சேர்ந்தபோது மாக்னஸுக்கு மூன்று வயது. அப்போதும் அவன் ஓரிடத்தில் நிற்கமாட்டான். வஜ்ஜிரப் பசை காய்ச்சும் அடுப்புப் பக்கம் ஓடிவிடுவான் என்று அவன் அம்மா இடுப்பில் ஒரு கயிறு கட்டி மேசைக் காலில் முடிந்து வைத்திருப்பாள்.

எங்களுக்கு வேலைக்குப் பஞ்சமே இல்லை. இந்தப் பக்கத்துக் கோயில்களில் புழு அரிக்காத மரம் எங்கே இருக்கிறது? விரல் போன மாதா, தலை கழன்ற செபஸ்தியார், காலடிச் சேவல் தொலைந்த இராயப்பர் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துகொண்டே இருக்கும். மாக்னஸை அரித்தது வேறு. வருகிற கடிதம் எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றாகவே இருக்கும்: முன்பு இருந்த மாதிரியே வேண்டும். அவனுடைய கொள்ளுத்தாத்தா செய்து வைத்த சுண்ண மாதிரிகள் நூற்று முப்பது, சுவர் முழுக்க அடுக்கில் நிற்கின்றன. எதைக் கேட்டாலும் அதில் ஒன்றை இறக்கி, அளவெடுத்து, மரத்தில் ஏற்றிக் கொடுக்க வேண்டும். நாற்பத்தேழு வயது ஆள், சர்டிபிகேட்டில் 'சிற்பி' என்று போட்டிருக்கிறது, இதுவரை ஒரு சுரூபத்தின் முகத்தைக்கூடத் தானாக யோசித்துச் செய்ததில்லை.

அதனால் ஓடுவான். இருபது வயதில் ஹாம்பர்க்குக்கு ஓடினான். இருபத்தொன்பதில் இத்தாலிக்கு, சலவைக்கல் செதுக்க. முப்பத்தாறில் கெம்ப்டனில் ஒரு பள்ளி ஆசிரியையைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்துவிடப் பார்த்தான். ஒவ்வொரு முறையும் இங்கே ஏதாவது ஒரு பீடம் பாதியில் நிற்கும், பெரியவருக்கு முழங்கால் வீங்கும், இவன் வந்து சேருவான். அந்த ஆசிரியை நல்ல பெண். ரயில் நிலையத்தில் குடித்தனம் நடத்துகிற மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பிரிந்துபோனாள். அவளைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

போன வருடத்துக்கு முந்தின வருடம் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ஒரு கடிதம் வந்தது. நாடக அரங்கம் ஒன்றில் மேடைச் சிற்பங்கள் செய்ய ஆள் வேண்டும், மாதச் சம்பளம், வருடத்துக்கு எட்டுப் புது நாடகம், ஒன்று போல ஒன்று இருக்காது. கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். எடுப்பான், படிப்பான், மடிப்பான். மடிப்பு கிழிந்தே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் ஊர்க் கோயிலில் ஆண்டவரின் கால் விழுந்தது.

எங்கள் ஊர் லெங்கன்ரீட்டில் விண்ணேற்றத் திருநாளன்று, அதாவது உயிர்த்த ஆண்டவர் மோட்சம் போன நாளன்று, அவரை மேலே இழுப்போம். உயிர்ப்பு ஞாயிறிலிருந்து நாற்பது நாள் பீடத்தில் நிற்கும் சுரூபம் அது. அதன் தலையில் ஒரு வளையம், வளையத்தில் கயிறு. கோயில் விதானத்தில், வரைந்த மேகங்களுக்கு நடுவே, வட்டமாக ஓர் ஓட்டை இருக்கிறது. மோட்ச ஓட்டை என்போம். மேல்மச்சில் இரண்டு பேர் ராட்டினம் சுற்ற, ஆண்டவர் மெதுவாகச் சுழன்றபடி ஏறி ஓட்டைக்குள் மறைவார். மறையும்போது முகம் எந்தப் பக்கம் பார்க்கிறதோ அந்தப் பக்கத்திலிருந்துதான் அந்தக் கோடையில் இடிமழை வரும் என்று விவசாயிகள் குறித்துக்கொள்வார்கள். பிறகு மேலிருந்து பூவிதழ்கள் கொட்டும், ஓட்டையை மூடுவார்கள், எல்லோரும் பியர் குடிக்கப் போவோம்.

பழைய சுரூபம் மாக்னஸின் கொள்ளுத்தாத்தா செய்தது. வலது கை நெஞ்சோடு ஒட்டி ஆசீர் கொடுக்கும், இடது கை கொடியை விலாவோடு சேர்த்துப் பிடித்திருக்கும். குளிரில் விறைத்தவர் மாதிரி நிற்பார். "பெரிய தாத்தா மரத்துலகூட கஞ்சத்தனம் பண்ணியிருக்காரு" என்று மாக்னஸ் கேலி செய்வான். அந்தச் சுரூபம் பாதி உயரம் ஏறும்போது புழுத்துப்போன இடது பாதம் கழன்று பாடற்குழுத் தலைவரின் தொப்பியில் விழுந்தது. அடுத்த வாரமே பங்குப் பேரவை கூடிப் புதுசு செய்யச் சொல்லிவிட்டது.

மாக்னஸ் ஒரே ஒரு நிபந்தனை போட்டான். மாதிரியைப் பார்த்துச் செய்யமாட்டேன், என் இஷ்டத்துக்குச் செய்வேன். பேரவையில் கொஞ்சம் முனகல். வேறு யாரிடம் போவார்கள்? சரி என்றார்கள். அன்றைக்கு அவன் என் அறைக்கு வந்து கதவில் சாய்ந்து நின்று சொன்னது எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது.

"அஃப்ரா, இது மேல போச்சுன்னா நான் இருக்கேன். இதுவும் சரிப்படலன்னா கிளம்பறேன். ஸ்டுட்கார்ட்காரங்ககிட்ட நாள் கேட்டு வாங்கியிருக்கேன். அடுத்த விண்ணேற்றத்துக்கு மறுநாள் வரைக்கும்."

"உங்கப்பாகிட்ட சொல்லிட்டியா?"

"அவர்கிட்ட வேற ஒண்ணு சொல்லியிருக்கேன். இந்தச் சுரூபம் முடியற வரைக்கும் இதப் பத்தி ஒரு வார்த்தை பேசக்கூடாதுன்னு."

பெரியவருக்கு எழுபத்தொன்பது வயது. காது மந்தம். வாய் மட்டும் நன்றாக வேலை செய்யும். தினமும் காலை ஏழரைக்குப் பட்டறைக்கு வந்து மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, மகன் போடும் ஒவ்வொரு வெட்டுக்கும் ஒரு குறை சொல்வது அவருடைய காலை ஜெபம். அவர் வாயைக் கட்டிக்கொண்டு இருப்பாரா என்று நான் சந்தேகப்பட்டேன். ஆச்சரியம், இருந்தார். ஏழு மாதம் பெட்டி மேல் உட்கார்ந்து முள்ளங்கியும் ரொட்டியும் தின்றுகொண்டு பார்த்தார், அவ்வளவுதான்.

மாக்னஸ், லிண்டன் என்கிற மெது மரத்தில் அந்த உருவத்தைச் செதுக்கியபோது நான் பார்த்த ஆள் வேறு. ஜன்னல் கொக்கி ஆடியது, அவன் போகவில்லை. தொலைபேசி அடித்தது, நான்தான் எடுத்தேன். ஒரே இடத்தில் நின்று நின்று தரையில் மரத்தூளில் அவன் பூட்ஸ் தடம் இரண்டு பதிந்துவிட்டது. கைகள் இரண்டையும் விரித்து நிற்கிற ஆண்டவர் அது. சிலுவையில் விரித்த மாதிரி இல்லை. வாசலில் யாரோ வருகிறார்கள் என்று கேட்டு அடுக்களையிலிருந்து கையைத் துடைக்காமல் ஓடி வந்தவர் மாதிரி. முகத்தில் கொஞ்சம் மூச்சு வாங்குகிறது. நான் எத்தனையோ நூறு ஆண்டவருக்குச் சாயம் பூசியிருக்கிறேன். இவருக்குக் கன்னத்தில் சிவப்பு வைத்தபோது எனக்கு வெட்கமாக இருந்தது. உண்மையைச் சொல்ல வேண்டுமே.

கையின் அகலம் எவ்வளவு போகலாம் என்பதற்கு அவன் முறையாக அளவெடுத்தான். மோட்ச ஓட்டையின் மூடி அப்போது என் மேசையில்தான் கிடந்தது. அதன் அடிப்பக்கத்தில் பரிசுத்த ஆவியின் புறா இருக்கிறது, அதன் இறக்கையில் தங்கம் உதிர்ந்திருந்ததால் சரி செய்யக் கொடுத்திருந்தார்கள். மாக்னஸ் நாடாவைக் குறுக்கே பிடித்தான். தொண்ணூற்றாறு சென்டிமீட்டர். சாக்பீஸால் சுவரில் எழுதிக்கொண்டான். சுரூபத்தின் கைகளை விரல் நுனிக்கு விரல் நுனி தொண்ணூறில் நிறுத்தினான். ஆறு சென்டிமீட்டர் தாராளம் என்றான். நானும் தலையை ஆட்டினேன்.

உயிர்ப்பு ஞாயிறன்று பீடத்தில் வைத்தார்கள். ஊர் என்ன சொல்லுமோ என்று மாக்னஸ் கோயிலின் கடைசித் தூணுக்குப் பின்னால் நின்றான், பூசை முடியும் வரை நாலு தூண் மாறியிருப்பான். சிலருக்குக் கை நீளமாகப் பட்டது. பால்பண்ணைக்காரர் ஒருவர், ஆண்டவருக்குச் சட்டை தைக்க நிறையத் துணி ஆகும் என்றார். ஆனால் அடுத்த வாரத்திலிருந்து சனங்கள் கோயிலுக்குள் வந்தால் நேராக அந்தச் சுரூபத்தின் முன்னால் போய் நின்றார்கள். கோயில்பிள்ளை வேலை பார்க்கும் சென்ஸி, எதையும் லேசில் புகழாதவள், என்னிடம் வந்து சொன்னாள்: "காலைல கதவத் தொறந்து உள்ள போனா, எனக்காகத்தான் முழிச்சிட்டிருந்த மாதிரி நிக்கிறாரு." இதை மாக்னஸிடம் சொன்னேன். அவன் அன்றைக்கு மதியம் நாற்காலியிலிருந்து ஒரு சம்மனசைத் தூக்கி வைத்துவிட்டு உட்காரப் போனான். கடைசி நொடியில் மனம் மாறி அதன் மேல் சம்மனசையே திரும்ப வைத்தான்.

விண்ணேற்றம் வியாழக்கிழமை. திங்கட்கிழமை ஒத்திகை பார்த்தோம். மேல்மச்சில் மாக்னஸும் சென்ஸியின் புருஷனும். கீழே நானும் சென்ஸியும். கயிறு இறுகியது, ஆண்டவர் பீடத்திலிருந்து கிளம்பினார். எடை சரியாக இருந்தது, சாய்வில்லை, ஆட்டமில்லை. விரித்த கையோடு அவர் மேலே போகப் போக எனக்குக் கழுத்து வலித்ததே தெரியவில்லை. தலை ஓட்டைக்குள் போயிற்று, தோள் போயிற்று. பிறகு 'டொக்' என்று ஒரு சத்தம். இரண்டு உள்ளங்கைகளும் விளிம்பில் முட்டி நின்றன. இன்னும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்கள். விதானத்துச் சுண்ணாம்பும் என்னுடைய தங்கமும் பொடியாக என் கண்ணில் விழுந்தன.

இடுப்புக்குக் கீழே மட்டும் தொங்கிக்கொண்டிருக்கும் ஆண்டவரைப் பார்த்தபடி சென்ஸி மேலே நோக்கிக் குரல் கொடுத்தாள். கோபமில்லாமல், விவரம் கேட்கிற குரலில்தான் கேட்டாள். "மாக்னஸ், நீ ஓட்டைய அளந்தியா, மூடிய அளந்தியா?"

மூடி ஓட்டையின் மேல் உட்கார வேண்டும் என்றால் ஓட்டையை விடப் பெரிதாகத்தானே இருக்க வேண்டும். சுற்றிலும் நாலு விரற்கடை. ஊறுகாய் ஜாடி வைத்திருக்கிற எந்தப் பொம்பளைக்கும் தெரிந்த விஷயம். அது என் மேசையில், என் மூக்குக்குக் கீழே மூன்று வாரம் கிடந்தது. ஓட்டையின் அகலம் எண்பதுதான். விளிம்பைச் செதுக்கிப் பெரிதாக்கலாமா என்றால், அதைச் சுற்றி வரைந்திருக்கும் மேகம் இருநூற்றைம்பது வருடத்துச் சாமான். அதில் விரல் பட்டாலே புராதனச் சின்னத்துறை கழுத்தைப் பிடிக்கும்.

கொள்ளுத்தாத்தா கஞ்சனில்லை என்பதும் அப்போதுதான் எங்களுக்குப் புரிந்தது.

சுரூபத்தை இறக்கினார்கள். மாக்னஸ் மச்சுப் படியில் இறங்கி வந்தான், யார் முகத்தையும் பார்க்கவில்லை, நேராகப் போய் வேனை எடுத்தான். திங்கள் போய்ச் செவ்வாயும் போயிற்று. கைபேசியை அடுப்படியிலேயே விட்டுப் போயிருந்தான். மடித்து மடித்துக் கிழிந்த கடிதம் மட்டும் சட்டைப் பையில் இருந்திருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டில் தேடினேன், இல்லை. தேடியது தப்புதான். தேடினேன்.

ஊருக்குத் தெரிய அரை மணி நேரம் ஆயிற்று. மதுக்கடையில் ஊர்க்காரர்கள் வழக்கமாகக் கூடும் மேசையில் அன்றைக்கு அதுதான் தொடுகறி. ஆண்டவருக்கு நாற்பது நாள் தவக்காலம் போதவில்லை, இன்னும் கொஞ்சம் இளைக்க வேண்டும் என்றான் ஒருவன். அந்தப் பால்பண்ணைக்காரர் சொன்னதுதான் ஊசி மாதிரி ஏறியது. "எட்டர் வீட்டு ஆண்டவர் கிளம்ப மனசில்லாம நிக்கிறாரு. எட்டர் வீட்டுப் பையன் நிக்க மனசில்லாம கிளம்பறான்." எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. அதற்காக அவர் மேலும் என் மேலும் சேர்ந்தே ஆத்திரப்பட்டேன்.

சென்ஸி வந்து புதன்கிழமை மாலைக்குள் முடிவு சொல்லச் சொன்னாள். இல்லாவிட்டால் பழைய சுரூபத்துக்குக் காலை ஒட்டி அதையே இழுத்துவிடலாம், பங்குத்தந்தைக்கு ஐந்து ஊர் இருக்கிறது, அவருக்கு எதுவானாலும் சரி என்றாள். செவ்வாய் மதியம் அவள் புருஷன் டிராக்டரில் வைத்துப் புது ஆண்டவரைப் பட்டறைக்குக் கொண்டுவந்து இறக்கினான். பெரியவர் தன் பெட்டியை இழுத்துச் சுரூபத்தின் எதிரே போட்டு உட்கார்ந்தார். அன்றைக்கு முள்ளங்கி தின்னவில்லை. நான் எதிர்பார்த்த 'அப்பவே நினைச்சேன்' அவர் வாயிலிருந்து வரவில்லை. அது வராததுதான் எனக்கு என்னமோ போல இருந்தது.

புதன்கிழமை காலை ஏழு மணிக்கு மாக்னஸ் வந்தான். சட்டை கசங்கி, தாடி முளைத்து, கக்கத்தில் ஒரு சுருள் ஆட்டுத்தோல். எங்கே போனாய் என்று நான் கேட்பதற்குள் அவனே கொட்டினான். முதல் நாள் ஏரிக்கரையில் வேனிலேயே தூங்கினானாம். மறுநாள் ஸ்டுட்கார்ட்டுக்கு வண்டியை விட்டானாம். பாதி வழியில் ஓர் ஊரில் பெட்ரோல் போட நிறுத்தியவன், அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குள் சும்மா நுழைந்திருக்கிறான். அங்கே ஒரு பழைய பாடுபட்ட சுரூபம். தோளில் தோல் வைத்துத் தைத்தது. பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிக் கையை மடக்கிக் கல்லறையில் வைக்கிற வசதிக்காகச் செய்தது.

"ஐநூறு வருஷத்துக்கு முன்னாடி எவனோ ஒருத்தன் இதே தலைவலி பட்டிருக்கான் அஃப்ரா. தோள்ல அறுக்கணும். தோல் வெச்சு மாட்டணும். மணிக்கட்டுல தூண்டில் நரம்பு கட்டி மேல இருந்து இழுத்தா கை ரெண்டும் தலைக்கு மேல போயிரும். ஒல்லியா உள்ள வந்துருவாரு."

"என் தங்கம்?" என்றேன். வேறு என்ன கேட்பேன். தோள் முழுக்க மூன்று வாரம் மூச்சுவிடாமல் ரேக்கு ஒட்டியிருக்கிறேன்.

"திரும்ப ஒட்டு."

"உன் கைய அறுத்து ஒட்டறேன் வா" என்று திட்டிக்கொண்டே, மூன்று மணி நேரத்தில் காயும் பசை எங்கே இருக்கிறது என்று தேடப் போனேன்.

அவன் சுரூபத்தைக் கிடத்தி, வலது தோளில் பென்சிலால் கோடு போட்டு, ரம்பத்தை வைத்தான். எடுத்தான். வேறு ரம்பம் தேடினான். அதை வைத்தான், எடுத்தான். ஜன்னல் பக்கம் போய்க் கொக்கியை இறுக்கினான். ஏழு மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாக இறுக்கினான். இவன் அறுக்கமாட்டான், இன்னும் கால் மணி நேரத்தில் வேன் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன்.

பெட்டி மேல் உட்கார்ந்திருந்த பெரியவர் அப்போதுதான் வாயைத் திறந்தார். "நீ மூடிய அளந்தப்பவே நான் பாத்தேன்."

மாக்னஸ் திரும்பினான். "என்ன பாத்தீங்க?"

"மூடி பெருசுன்னு எனக்குத் தெரியாதா. முப்பது வருஷம் நான்தானே அத எடுத்து எடுத்து வெச்சேன்."

"தெரிஞ்சுட்டு ஏழு மாசம் சும்மா உக்காந்திருந்தீங்களா?"

"பேசக்கூடாதுன்னு நீதான் சொன்ன."

மாக்னஸின் முகம் வெளுத்துப்போயிற்று. ஊர் முன்னால் நான் அவமானப்பட வேண்டும் என்றுதானே விட்டுவிட்டீர்கள் என்றான், மெதுவாக. பெரியவருக்குக் காதில் விழவில்லை. என்ன சொல்கிறான் என்று என்னைப் பார்த்தார். அந்த வார்த்தையை நான்தான் அவர் காதருகே குனிந்து உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. சொல்லும்போது எனக்கு வாய் கூசியது.

கிழவர் கொஞ்ச நேரம் தன் முழங்காலைத் தேய்த்தார். "சொல்லியிருந்தா நீ கைய மடக்கியிருப்ப" என்றார். "எங்க தாத்தா மடக்கித்தான் செஞ்சாரு. நானும் அப்படித்தான். எனக்கு இந்தக் கைய விரிச்சுப் பாக்கணும்னு இருந்துச்சு. அதான் சொல்லல. தப்புதான்."

தன்னைப் பற்றி அவர் 'தப்பு' என்று சொல்லி நான் கேட்டதில்லை. மாக்னஸும் கேட்டிருக்கமாட்டான். அவன் சுவரோரம் நின்று அந்த நூற்று முப்பது மாதிரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தான். திட்டுவான் என்று நினைத்தேன். வந்து ரம்பத்தை எடுத்தான்.

"கை ஆடுது. புடிச்சுக்குங்க" என்றான்.

பெரியவர் பெட்டியிலிருந்து எழுந்து சுரூபத்தின் வலது கையை, உள்ளங்கையோடு உள்ளங்கை கோத்து, இறுகப் பிடித்துக்கொண்டார். மாக்னஸ் அறுத்தான். லிண்டன் மரம் மெத்தென்றுதான் அறுபடும், ஆனாலும் அந்தச் சத்தத்தை என்னால் கேட்க முடியவில்லை. வஜ்ஜிரச் சட்டியைக் கிளறுகிற சாக்கில் திரும்பிக்கொண்டேன். இரண்டு கையும் கழன்று வந்தன. தோலை அளந்தோம், வெட்டினோம், ஆணி அடித்தோம், அதன் மேல் அங்கியின் நிறத்தைத் தீட்டினேன், ரேக்கு வைத்தேன். மாலைப் பூசை மணி அடிக்கும்போது ஆண்டவர் டிராக்டரில் ஏறினார். தோல் இன்னும் விறைப்பாக இருக்கிறது, இடது தோள் சரியில்லை என்று மாக்னஸ் டிராக்டருக்குப் பின்னாலேயே நடந்து போனான்.

வியாழக்கிழமை பத்து மணிப் பூசைக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. பக்தி பாதி, வேடிக்கை பாதி. மதுக்கடைக் கூட்டம் மொத்தமும் முன்வரிசையில். பெரியவருக்குப் பக்கத்தில் நான் உட்கார்ந்தேன். மேலே மாக்னஸ் இருக்கிறானா, அதற்குள் கிளம்பிவிட்டானா என்று எனக்கு நிச்சயமில்லை. அன்றைக்குக் காலை வேன் கோயில் வாசலில், தெருவைப் பார்த்துத் திருப்பி நிறுத்தியிருந்தது.

நற்செய்தி முடிந்தது, எக்காளம் ஊதினார்கள், கயிறு இறுகியது. ஆண்டவர் கை விரித்தபடியே கிளம்பினார். நாற்பது நாள் பார்த்த சுரூபம்தான், ஆனால் அந்தரத்தில் அந்தக் கைகள் வேறு மாதிரி இருந்தன. போகிறவர் கட்டிக்கொள்ளத்தான் கையை விரிக்கிறாரா, இல்லை எங்களைக் கூப்பிடுகிறாரா என்று தெரியவில்லை. கேலி பேச வந்தவர்கள் முகத்தில் கேலியைக் காணோம். ஓட்டைக்கு ஒரு முழம் கீழே அவர் நின்றார். வலது கை அசைந்தது, மெல்ல உயர்ந்து தலைக்கு மேலே போயிற்று. கோயில் முழுக்க ஒரு மூச்சு இழுக்கும் சத்தம் கேட்டது. இடது கை பாதி எழுந்து அப்படியே நின்றுவிட்டது.

தோல் விறைத்துக்கொண்டது. நரம்பு இழுபடுவது எனக்குக் கீழேயிருந்தே தெரிந்தது. ஒரு முறை, இரண்டு முறை, மூன்று முறை இழுத்தார்கள். கை வரவில்லை. ஆண்டவர் ஒரு கை மேலேயும் ஒரு கை எங்கள் பக்கமுமாக மெதுவாகச் சுழன்றார். எக்காளம் ஊதுகிறவர்களுக்கு மூச்சு தீர்ந்து, ஒவ்வொருவராக நிறுத்தினார்கள். முன்வரிசையில் யாரோ இருமினார்கள். எனக்கு அங்கிருந்து எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது.

அப்போது மோட்ச ஓட்டையிலிருந்து ஒரு கை கீழே வந்தது.

நீலக் கட்டம் போட்ட சட்டை, முழங்கை வரை சுருட்டியது. இரண்டு விரலில் பிளாஸ்திரி. மேல்மச்சுத் தரையில் குப்புறப் படுத்து, தோள் வரைக்கும் தொங்கவிட்டிருக்க வேண்டும். அந்தக் கை துழாவியது, மரக்கையை எட்டவில்லை, இன்னும் கொஞ்சம் இறங்கியது, எட்டியது. மணிக்கட்டைப் பிடித்து இழுத்திருந்தாலே போதும். அவன் அப்படிச் செய்யவில்லை. உள்ளங்கையோடு உள்ளங்கை வைத்து விரல்களைப் பற்றினான், முந்தின நாள் அவன் அப்பா பிடித்த மாதிரியே. பிடித்துத் தூக்கினான். இடது கை எழுந்தது. இரண்டு கையும் ஒன்றாக மேலே போயின, ஆண்டவர் விளிம்பில் எங்கேயும் உரசாமல் உள்ளே நுழைந்தார்.

ஒருவரும் பேசவில்லை. முகம் எந்தப் பக்கம் பார்த்தது என்று ஒரு விவசாயிகூடக் குறிக்கவில்லை, பிறகு கேட்டுப் பார்த்தேன். அந்த அமைதியில் பெரியவர் பேசினார். காது மந்தமானவர்கள் எவ்வளவு சத்தமாகப் பேசுகிறோம் என்று அறியாமல் பேசுவார்களே, அப்படி, கோயில் முழுக்கக் கேட்கும்படி.

"அது எங்க மாக்னஸ் கை."

பூவிதழ் போட மறந்திருந்த சென்ஸியின் புருஷனுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது போல. மொத்தக் கூடையும் ஒரே கொத்தாகப் பங்குத்தந்தை தலையில் விழுந்தது. ஊரே சிரித்தது. நான் அழுதுகொண்டிருந்தேன், கைக்குட்டை கொண்டுவரவில்லை.

பூசை முடிந்து மச்சுப் படியடியில் காத்திருந்தோம். மாக்னஸ் சட்டையெல்லாம் தூசியோடு இறங்கி வந்தான். பால்பண்ணைக்காரர் அவன் கையைப் பிடித்துக் குலுக்க வந்தார். அவனுக்கு அது கண்ணிலேயே படவில்லை. இறங்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டான். இடது தோள் தோலைப் பிரித்துவிட வேண்டும், மெல்லியதாக வேறு போட வேண்டும், நரம்பு கட்டிய இடமும் தப்பு, இன்றைக்கே சுரூபத்தை இறக்கிவிடலாம்.

பெரியவர் அவன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார், பாதி புரிந்திருக்கும். "தொடாத" என்றார். "அது அப்படியே இருக்கட்டும். வந்தா வரட்டும். வரலன்னா நீ மேல இருப்பல்ல."

மாக்னஸ் பேச்சை நிறுத்தினான். வாசலில் வேன் தெருவைப் பார்த்து நின்றுகொண்டிருந்தது. "அடுத்த வருஷமா?" என்றான்.

"அடுத்த வருஷமும்."

"இருப்பேன்" என்றான். கோபமாகத்தான் சொன்னான். பிறகு படியிலேயே, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்துவிட்டான்.